ரத்தம் ஊறாத உடம்பு

என் மனைவி திருநீறு தின்பாள். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எல்லோரும் செய்வதுபோலச் சாமி கும்பிட்டு, நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வதைச் சொல்லவில்லை. அவள் தின்பாள். திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பூஜைச் சாமான் கடை இருந்தது. கற்பூரம், ஊதுவத்தி, பஞ்சுத்திரி, குங்குமம், திருநீறு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அண்ணாமலையார் போட்ட சோறு அது. திருநீறு மூட்டையாக வரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடிப்பது அவள் வேலை. முறத்தில் கொட்டிக்கொண்டு உட்காருவாள். பத்துப் பொட்டலம் மடித்தால் ஒரு தரம் கை வாய்க்குப் போகும். எழுபதுகள் முடிகிற சமயத்தில் அது பொட்டலத்துக்கு ஒரு தரம் என்று ஆனது. நாக்கு எந்நேரமும் வெளுத்தே இருக்கும்.

எனக்கு அதில் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். "நமக்கெல்லாம் துன்னூறு நெத்தியோட சரி. எங்க வீட்டுல அவளுக்கு உள்ளயும் போவணும்." கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அசதி தொடங்கியது. வீட்டிலிருந்து கோயிலுக்கு ஐந்து நிமிஷ நடை. நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். தலைவலி விடாது. மாத்திரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். சோமவார விரதம் இருக்கிறாளே, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் திருநீற்றைக் கரைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, என் கையாலேயே குடிக்கக் கொடுத்தேன். அவளும் மறுக்காமல் குடித்தாள். ஆசையாகவே குடித்தாள்.

எங்கள் ஊர் டாக்டர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்றார். கறுப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதோடு விடுவேனா நான்? முருங்கைக்கீரையைக் கிள்ளி ரசம் வைத்தேன். பீட்ரூட், மாதுளம்பழம், பேரீச்சம்பழம், யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். மூன்று மாதம் கழித்துப் போனால் டாக்டருக்குக் கோபம்.

"இன்னாய்யா, டானிக்கெல்லாம் இவங்க சாப்பிடறாங்களா, இல்ல சாமிக்குப் படைச்சுட்டு நீயே சாப்புடறியா? நீ நல்லா பளபளன்னு கீற. இவங்க வெளுத்துக்கினே போறாங்க."

அவள் சிரித்தாள். உதடும் ஈறும் ஒரே நிறத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அப்புறம் காலையில் வாந்தி வந்தது. எங்களுக்கு ஒரே பெண், பத்து வயது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரம்மா தெருவில் வைத்தே கேட்டாள், "இன்னா, பொண்ணுக்குத் தம்பி வரானா?" எனக்குக்கூட ஒரு வாரம் அந்த நப்பாசை இருந்தது. டாக்டரிடம் போனோம். அவளுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். தெளிவாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, முட்டை வெள்ளைக்கரு வெந்ததுபோலத் திரண்டு நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலூருக்குக் கூட்டிக்கினு போ. நாளைக்கே போ," என்றார்.

என்னவென்று நான் கேட்கவில்லை. வெளியில் வந்து அவளிடம், "ஏதோ பெரிய டெஸ்ட்டு எடுக்கணுமாம்," என்றேன்.

வேலூரில் எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. என்னைவிட வயதில் சின்னவர். மூன்று நாள் படுக்கவைத்து எல்லாம் பார்த்த பிறகு என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன, ரொம்ப நாளாகவே சுருங்கிக்கொண்டு வந்திருக்கின்றன என்றார். எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. என் மனதில் ஓடியது வேறு.

"அம்மா, ரத்தம் கம்மின்னுதானே சொன்னாங்க? இது மூத்திர சமாச்சாரமாச்சே?"

அவர் பொறுமையாகச் சொன்னார். "கிட்னி மூத்திரத்த மட்டும் பிரிக்கலீங்க. நம்ம ரத்தம் எலும்புக்கு உள்ளதான் ஊறுது. ஊறணும்னு எலும்புக்கு உத்தரவு போடற சத்து ஒண்ணு கீது, அது கிட்னியில இருந்துதான் வரணும். இவங்க கிட்னி அந்த உத்தரவ போடறதையே விட்டுடுச்சு. நீங்க எவ்ளோ டானிக் ஊத்தினாலும் எலும்பு சும்மா உக்காந்துக்கினு இருக்கும்."

பிறகு வரிசையாகக் கேள்வி கேட்டார். தலைவலி மாத்திரை எத்தனை நாளாகப் போடுகிறாள்? வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதா? டானிக் குடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் சொன்னார்கள் என்றேன். இருக்கலாம், ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் இருக்கும், மாத்திரையால் புண்ணாகிக் கசியலாம், பார்க்க வேண்டும் என்றார். முருங்கைக்கீரை ரசம் என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது.

"கீரையா? தினமுமா? மாதுளம்பழமுமா?"

"ரத்தம் ஊறட்டும்னுதாங்க."

அதில் இருக்கிற ஒரு உப்பைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியே தள்ள முடியாது, அது ஏறிப்போனால் இதயம் சட்டென்று நின்றுவிடும், நல்ல வேளை இன்னும் ஏறவில்லை என்றார். நான் என் கையால் ஆற்றி, ஊதி ஊதிக் கொடுத்த ரசம் அது.

கடைசியாக ஒன்று கேட்டார். "மண்ணு, பச்சரிசி, சாக்கட்டி, அந்த மாதிரி ஏதாச்சும் திங்கற பழக்கம் உண்டா?"

"அய்யோ, அதெல்லாம் கெடையாதுங்க," என்றேன். சத்தியமாகச் சொன்னேன். திருநீறு என் ஞாபகத்துக்கே வரவில்லை. அதை அந்த வரிசையில் வைக்க எனக்குத் தெரியாது.

மறுநாள் பகலில் வார்டுக்குள் நுழையும்போதே ஆயாவின் சத்தம் கேட்டது. "இன்னாம்மா, செவுத்தப் போயி தின்னுக்கினு கீற? இந்தச் சுண்ணாம்ப நீ பாட்டுக்கு சொரண்டித் தின்னா நாளைக்கு ஆஸ்பத்திரி எங்க தலமேல உழும். சோறு பத்தலன்னா கேளு, ரெண்டு கரண்டி ஜாஸ்தி போடச் சொல்றேன்." பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் வெள்ளை.

ஆயா போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பக்தி இல்லீங்க."

"இன்னாது?"

"துன்னூறு. அது பக்தி இல்லீங்க. நாலு நாளா அது இல்லாம எனக்கு உசுரே போவுது. கண்ண மூடினா முறம்தான் தெரியுது. மழ பேஞ்சு மண்ணு வாசன வந்தாக்கூட நாக்குல தண்ணி ஊறும். வாயில போட்டா சித்த நேரம் நிம்மதி. போடும்போது சாமி நெனப்பே வராது எனக்கு."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?"

"எப்படி சொல்லுவேன்? நீங்க ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருந்தீங்க. ஒருத்தர் என் கால்ல கூட உழ வந்தாரு. சாமி பொருள எச்சி பண்ணித் தின்னுக்கினு இருக்கறேன்னு சொல்லவா? அதுக்குத்தான் சாமி என் ரத்தத்த எடுத்துக்கினாரு."

அவள் அழவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தாள். எத்தனை மாதமாக இதை ஒருத்தியாக மனதில் வைத்துக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வந்திருக்கிறாள். எனக்குப் பயம் வந்தது. அவள் சொல்வது ஒருவேளை சரியாக இருந்தால்?

அதைவிட இன்னொரு பயம். அந்த மூட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. சுத்தமான சாணச் சாம்பல் கருத்திருக்கும். யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக, மணமாக இருந்தால்தான் பிடிக்கும். வெள்ளை மண்ணும் வாசனையும் கலந்து வருகிற மூட்டையைத்தான் நான் வாங்குவேன். காலையில் கரைத்துக் கொடுத்ததும் அதைத்தான்.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரத்தம் கம்மியானா சில பேருக்கு இப்படி ஒரு ஆச வரும். கர்ப்பிணிங்க சாம்பல் திங்கறதில்ல? அது சாமி குத்தம் இல்ல, அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. ஆனா தின்னா, சாப்பாட்டுல வர்ற இரும்புச் சத்த அந்த மண்ணு உடம்புல சேர விடாது. ரத்தம் இன்னும் கொறையும். கொறைஞ்சா ஆச இன்னும் ஜாஸ்தி ஆவும்."

"அப்போ இதுதான் காரணமுங்களா?" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும்.

"இதுவும் ஒரு காரணம்," என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. காரணம் என் வீட்டில் இருக்கிறது, என் மூட்டையில் இருக்கிறது. அப்படியானால் என்னால் நிறுத்த முடியும். கிட்னி எங்கேயோ உள்ளே இருக்கிற பொருள். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. மூட்டையை எனக்குத் தெரியும். ஊருக்கு வந்ததும் பொட்டலம் மடிக்கிற வேலையைக் கடைக்கே மாற்றினேன். வீட்டுச் சாமி மாடத்தில் குங்குமம் மட்டும் வைத்தேன். தலைவலி மாத்திரையைத் தூக்கி எறிந்தேன். வேலூரில் எழுதிக் கொடுத்த ரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும்தான். எங்கள் பெண் உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டாள். காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, டாக்டரம்மா சொன்ன அந்த உப்பு போக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்தச் சின்னக் கைகள் தினமும் அதைச் செய்தன. கீரை வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. இரும்புச் சத்து ஊசி பத்துப் போட்டோம்.

நான் திருடனைக் காவல் காக்கிறவன்போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நாக்க காட்டு," என்பேன். காட்டுவாள். ஒரு நாள் நாக்கை நீட்டியவள் உள்ளே இழுக்காமல் என்னைப் பழித்துக் காட்டிவிட்டு, "போதுமா ஏட்டையா?" என்றாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த தடவை பார்த்தபோது ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. டெஸ்ட்டில் ஐந்து கிராம் இருந்தது ஆறாகியிருந்தது. நான் நேராகக் கோயிலுக்குப் போய் அண்ணாமலையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அதற்கடுத்த தடவையும் ஆறு. அதற்கும் அடுத்த தடவை, எல்லாம் அப்படியே செய்தும், திரும்பவும் ஐந்துக்குக் கீழே போயிருந்தது.

டாக்டரம்மா எதிரில் கை கட்டி நின்றேன். "அம்மா, நான் இன்னமும் ஏதோ தப்பு பண்றேன். எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, திருத்திக்கறேன்."

அவர் கேஸ் நோட்டை மூடினார். "நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. துன்னூற நிறுத்திட்டீங்க, வயித்துல கசிஞ்சது நின்னுடுச்சு, இரும்பு போதும்ங்கற அளவு கீது. நம்மால சரி பண்ண முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம். மிச்சம் கிட்னிதான். அதுல நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

என் வாழ்க்கையில் நான் பயந்து நடுங்கிய நாள் அதுதான். நீ தப்புச் செய்யவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னதற்காக ஒருவன் அழுவானா? அழுதேன். அந்தப் பாவம் என்னுடையதாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. என்னுடையது என்றால் அண்ணாமலையாரிடம் போய் விழலாம், பிராயச்சித்தம் செய்யலாம், மொட்டை போட்டுக்கொண்டு மலையைச் சுற்றலாம். இப்போது எதைக் கொண்டுபோய் வைப்பது?

எலும்புக்கு உத்தரவு போடுகிற அந்தச் சத்தையே ஊசியாகப் போடுகிற காலம் பின்னால் வந்தது என்று கேள்விப்பட்டேன். அப்போது அது இல்லை. ரத்தம் ஏற்றுவதுதான் வழி. சொந்தக்காரர்கள் கொடுக்க வேண்டும். அவளுடைய தம்பி அடி அண்ணாமலையில் பயிர் வைக்கிறவன், நல்ல உடம்பு. முதலில் அவன் கொடுத்தான். எனக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும்.

"மாமாவ உட்டுடுங்க," என்றான் நர்ஸிடம். "கோழி அறுக்கறதப் பாத்தாலே திரும்பிக்கினு நிப்பாரு. இவர்கிட்ட எடுத்தீங்கன்னா இவருக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணும்."

"ஏய் மச்சான், நீ சும்மா இரு," என்றேன். இரண்டாவது தடவை நானே கையை நீட்டினேன். என் ரத்தமும் அவளுக்குச் சேரும் என்றார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பஞ்சாட்சரம் சொன்னேன். முடிந்தது என்று நர்ஸ் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

ஏற்றின மறுநாள் அவள் உதட்டில் நிறம் வந்திருக்கும். எழுந்து தலை வாரிக்கொள்வாள். "உங்க ரத்தம் ஏறினதுல இருந்து எனக்குக் கோவம் ஜாஸ்தி வருதுங்க," என்பாள். "தம்பி ரத்தம்தான் நல்லா இருந்துது. பசி எடுத்துது." ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் போளூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக மலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள்.

ஆனால் அது நிற்கவில்லை. கழிவெல்லாம் தங்கிப்போன உடம்பில் யார் ரத்தமும் அதன் ஆயுசு முழுக்க நிற்காது, சீக்கிரமே அழிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதலில் மூன்று மாதம் தாங்கியது. பிறகு இரண்டு மாதம். அப்புறம் ஒரு மாதம்கூட இல்லை. தம்பி ஒரு கிட்னி தருகிறேன் என்று வந்து நின்றான். சோதித்துப் பார்த்துவிட்டுப் பொருந்தாது என்றார்கள். கடையில் உட்கார்ந்திருப்பேன். வாசலில் ஒரு சைக்கிள் வேகமாக வந்து நின்றால் எழுந்துவிடுவேன். வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டானா? வந்தவன் கற்பூரம் கேட்பான். எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருவேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல்.

எண்பத்திரண்டில் மாசி மாதம் என்று ஞாபகம். தம்பி காலையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டான். "கெளம்பு அக்கா, ஏழு மணி வண்டிய புடிக்கலாம்." அவள் எழுந்திருக்கவில்லை. கட்டிலிலிருந்தே அவனைக் கிட்டத்தில் கூப்பிட்டாள்.

"உன் ரத்தம் இப்போ எத்தினி நாளு நிக்கும்டா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"பத்து நாளா? அதுல போறதுக்கு ஒரு நாளு, படுக்கறதுக்கு மூணு நாளு, வர்றதுக்கு ஒரு நாளு. மிச்சம் இன்னா இருக்குது? பஸ்ஸுல என்னால உக்கார முடியாதுப்பா. போன தடவையே ஆரணி ரோட்டு கிட்ட கண்ணு இருட்டிக்கினு வந்துது. இவர்கிட்ட சொல்லல, பயந்துக்குவாரு."

"இன்னாடி பேசற? வா, தூக்கிக்கினு போறேன்," என்றேன். கெஞ்சினேன். அதட்டினேன். பெண்ணை முன்னால் நிறுத்தி, இவளுக்காகவாவது வா என்றேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

அவள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள், "நீங்க பயந்துக்கினே இருந்தீங்களா, மூணு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த சாதாரணமா பேசல. நாக்க காட்டு, கண்ண காட்டு, மூச்சு வாங்குதா, இதான். வண்டியில போற நேரத்துல இங்க உக்காந்து பேசலாங்க."

தம்பி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய் நின்றான்.

ஒன்பது நாள் இருந்தாள். நான் கடை திறக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை, அண்ணாமலையாருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அவள் பேசினாள். மூச்சு முட்டும்போது நிறுத்திவிட்டு மறுபடி பேசினாள். கல்யாணத்தன்று என் மாலை நீளமாக இருந்ததால் நான் அதை மிதித்துத் தடுக்கி விழப்பார்த்ததைச் சொன்னாள். பெண்ணுக்கு எந்த நிறத்தில் பாவாடை எடுத்தால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னாள். எதிர் வீட்டுக்காரம்மா நடக்கிற மாதிரி படுத்துக்கொண்டே கையை ஆட்டிக் காட்டினாள். நான் அவள் கண்ணை இழுத்துப் பார்க்கவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். அது என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவள் பேசுவதை அதுவும் கேட்டது.

ஒன்பதாம் நாள் பகல், பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். "இன்னிக்கு அவளுக்குப் பரீட்ச, வந்ததும் கேளுங்க," என்றாள். கேட்கிறேன் என்றேன். அப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெண் வந்து பையை இறக்கினாள். நான் அவளைக் கிட்டத்தில் அழைத்து, பரீட்சை எப்படி எழுதினாய் என்று முதலில் கேட்டேன். நன்றாக எழுதினேன் என்றாள். அதற்கப்புறம்தான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.